எம்-த்ரீ அண்ணன்

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரி எதுவாக இருந்தாலும் சரி, அதன் ஆண்கள் விடுதியில் ஓர் அண்ணன் இருப்பார். வயதில் அண்ணன் என்று எண்ணிவிட வேண்டாம். சில சமயம் நம்மைவிட ஆறு மாதம் இளையவராகக்கூட இருப்பார். ஆனால் மூன்றாம் செமஸ்டர் கணக்குத் தாளை நாலு தடவை எழுதிய மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கு வாய் வரும்?

அந்தத் தாள்தான் எம்-த்ரீ. பாடத்திட்டத்தில் அதற்கு ‘டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்டு பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ்’ என்று பெயர். முழுப் பெயரையும் தடுக்காமல் சொல்லத் தெரிந்தவன் பாதி பாஸ் என்பார்கள். எம்-ஒன், எம்-டூ வரைக்கும் பிளஸ் டூவில் மனப்பாடம் பண்ணியது கொஞ்சம் உடம்பில் ஒட்டியிருக்கும். அதை வைத்து ஒப்பேற்றிவிடலாம். எம்-த்ரீயில் அது செல்லாது. முதலாண்டில் ‘ஆல் கிளியர்’ என்று வீட்டுக்குப் போன் போட்டுக் குதித்தவனெல்லாம் அங்கேதான் முதல் அரியர் வைப்பான்; விடுதி மொழியில், கப்பு வாங்குவான். வாங்கியதும் நேராக அண்ணன் அறைக்கு வருவான்.

அறைக் கதவு சாத்தியே இருக்காது. கட்டிலில் கைலி கட்டிக்கொண்டு அண்ணன். சுவரில் சாமி படம் மாட்ட வேண்டிய இடத்தில் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி ஒட்டியிருக்கும். அபராதத்தோடு கட்டக் கடைசித் தேதி அதற்குக் கீழே, சிவப்பு மையில். கட்டிலுக்கு அடியில் உள்ளூர் ஆசிரியர்கள் எழுதிய கைடுகள், அட்டை போய், முதல் இரண்டு யூனிட் மட்டும் அழுக்காகி, மிச்சம் மூன்று யூனிட் கடையிலிருந்து வந்த வெள்ளையோடு. அவற்றின் மேல் ஜெராக்ஸ் கட்டுகள். ‘இம்பார்ட்டன்ட்’, ‘வெரி இம்பார்ட்டன்ட்’, ‘கண்டிப்பா வரும்’ என்று மூன்று தரம். மூன்றாவது தரத்தில் இருப்பது வந்ததே இல்லை என்று அண்ணனே சொல்வார்.

விதிமுறைகளில் அவருக்குத் தெரியாதது கிடையாது. முதல்வர் அறையில் ஒரு சந்தேகம் வந்தால் கோப்பைத் தேடுவார்கள். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். 65க்கு மேலே இருந்தால் மருத்துவச் சான்றிதழும் கட்டணமும் கொடுத்து எழுதலாம் என்பது பாதிப் பேருக்குத் தெரியும். எந்தச் சான்றிதழில் எந்த வியாதி நிற்கும் என்பது அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

“சளி, காய்ச்சல்லாம் எழுதாதே. மூணு நாள்தான் குடுப்பானுக. டைபாய்டு நல்ல வியாதி. அம்மையும் நல்ல வியாதிதான், ஆனா ஹெச்.ஓ.டி. மூஞ்சியைப் பார்ப்பாரு.”

இப்படி ஒருவனுக்கு மஞ்சள் காமாலை சிபாரிசு செய்தார். பையன் அதை வாங்கிக்கொண்டு போய்க் கையெழுத்துக்கு நின்றபோது, ‘காமாலைக்காரன் கேன்டீன்ல எப்படிடா பரோட்டா தின்னே?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் வருத்தப்பட்டார். வியாதி தேர்வில் தப்பில்லை, பத்தியத்தை எடுத்துச் சொல்லாமல் விட்டதுதான் தப்பு என்பது அவர் தீர்ப்பு.

அவர் வகுப்புக்குப் போகிறவர்தான். ரேஷன் கடையில் சர்க்கரை அளக்கிற மாதிரி அளந்து போவார். 76 ஆனதும் ஒரு நாள் லீவு. 75ஐத் தொட்டதும் மறுபடி முதல் பெஞ்ச்.

ரிசல்ட் வரும் இரவில் விடுதி முழுக்க அவர் அறையில் இருக்கும். லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் தட்டுவதால் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். அண்ணன் பதற மாட்டார். பன்னிரண்டு இலக்கப் பதிவெண்ணை யாரும் அவருக்கு முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாலு கல்லூரி, அடுத்த இரண்டு சேர்ந்த வருஷம், அடுத்த மூன்று துறை, கடைசி மூன்று ஆள். கடைசி மூன்றைச் சொன்னால் போதும், பிறந்த தேதியை அவரே போட்டுக்கொள்வார். எங்கள் அம்மாக்களுக்கு அடுத்தபடியாக எங்கள் பிறந்தநாள் ஞாபகம் இருந்தது அவருக்குத்தான். தேறாத தாளுக்கு எதிரே அப்போதெல்லாம் ‘ஆர்.ஏ.’ என்று வரும். அவர் அதைச் சத்தமாக வாசித்ததில்லை. “தம்பி, மத்ததெல்லாம் கிளியர்” என்பார். நாலு தாளில் ஒன்று தேறியவனுக்கும் அதையேதான் சொல்வார். தன்னுடைய எண்ணைக் கடைசியாகத் தட்டுவார். அதற்குள் பாதிப் பேர் தூங்கப் போயிருப்போம்.

ஆனால் அண்ணன் முழு உயரத்துக்கு எழுந்து நிற்பது தேர்வுக்கு முந்தின இரவுதான்.

முதல் மதிப்பெண் வாங்குகிறவனிடம் போய் அன்றைக்குச் சந்தேகம் கேட்கவே முடியாது. ‘நானே ஒண்ணும் படிக்கலை மச்சி’ என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வான். மறுநாள் விடைத்தாளின் கடைசிப் பக்கம் வரை எழுதித் தள்ளுவான். பேராசிரியரிடம் கேட்டால் அடிப்படையிலிருந்து தொடங்குவார். இரவு ஒன்பது மணிக்கு அடிப்படையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே மெஸ்ஸில் தோசை முடிந்ததும் இருபது பேர் பாயோடு அண்ணன் அறைக்குப் போவோம்.

“நோட்டை மூடு. ஐன்ஸ்டீன் ஆகப் போறவன் வெளிய போ. பாஸாகணும்கிறவன் மட்டும் உட்காரு” என்று தொடங்குவார். அப்புறம் கம்பிக் கணக்கு.

“ஒரு கம்பி. ரெண்டு முனையிலும் கட்டியிருக்கான். புடிச்சு இழுத்து விடுறான். ஏன் இழுத்தான்னு கேட்காதே. டாலம்பேர்னு ஒருத்தர் 1747லயே இதுக்கு ஈக்குவேஷன் எழுதிட்டாரு, இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் இருக்கானுக. முதல்ல அந்த ஈக்குவேஷனை எழுதிக் கட்டம் போடு. அடுத்தது நாலு கண்டிஷன். ஒண்ணும் ரெண்டும் முனையில கட்டியிருக்குங்கிறது. மூணாவது, விடும்போது சும்மா இருந்துச்சுங்கிறது. நாலாவதைக் கேள்வியிலேயே குடுத்திருப்பான், பார்த்து எழுது. அப்புறம் மூணு தீர்வு. மூணையும் எழுதிட்டு, சைனும் காஸும் இருக்கிறதுதான் பொருந்தும்னு ஒரு வரி போடு. ஏன்னா கம்பி ஆடுது. ஆச்சா? இதுவரைக்கும் நீ ஒரு கணக்கும் போடலை. ஆனா ஒரு பக்கம் ரொம்பிடுச்சு. பதிமூணுல நாலு மார்க் உள்ளே.”

இருபது பேரும் அண்ணனைப் பார்ப்போம். ஒரு செமஸ்டர் முழுக்கப் புரியாதது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். கணக்கு புரிந்துவிட்டதாகச் சொல்லவில்லை. மதிப்பெண் எங்கே இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

“அடுத்தது வெப்பக் கணக்கு. அங்கே கம்பியை இழுத்தான், இங்கே தண்டுக்குச் சூடு வைக்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.”

நள்ளிரவு தாண்டி எல்லோருக்கும் கண் சொருகும்போது டீ வரும். டீயோடு ஒரு கதையும் வரும். ஃபூரியரின் கதை. இதை எங்களுக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை.

“ஃபூரியர் 1807ல வெப்பம் எப்படிப் பரவுதுன்னு பாரிஸ்ல ஒரு கட்டுரை குடுத்தாரு. திருத்துற கமிட்டியில யார் யார் தெரியுமா? லக்ராஞ்ச், லாப்லாஸ், இன்னும் ரெண்டு பேரு. லக்ராஞ்ச் ஒத்துக்கவே மாட்டேன்னுட்டாரு. கட்டுரை அச்சாகலை. மனுஷன் 1811ல மறுபடி எழுதினாரு. இந்தத் தடவை பரிசு குடுத்தானுக. குடுத்துட்டு, கணக்குல கறார் பத்தலைன்னு தலையில ஒரு கொட்டும் வச்சானுக. புத்தகமா வர்றதுக்கு 1822 ஆச்சு. பதினஞ்சு வருஷம்டா! சிலபஸை எடுத்துப் பாரு. ஃபர்ஸ்ட் யூனிட்ல லக்ராஞ்ச். தேர்டு யூனிட்ல லாப்லாஸ். நடுவுல செகண்ட் யூனிட்ல ஃபூரியர் உட்கார்ந்திருக்காரு, கப்பு குடுத்த ரெண்டு பேருக்கும் நடுவுல. போர்த் யூனிட் முழுக்கவும் அவரோடதுதான்.”

அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை என்பது பிற்பாடு தெரிந்தது. எத்தனை இரவு விழித்திருந்தால் ஒரு மனிதர் பாடத்தை விட்டுவிட்டுப் பாடத்தின் சரித்திரத்தைப் படித்திருப்பார்! ராமானுஜனை அவர் துணைக்கு அழைத்ததே இல்லை. அதையும் சொல்ல வேண்டும். அரியர் வைத்தவர்கள் எல்லோரும் கும்பகோணத்திலும் பச்சையப்பனிலும் ராமானுஜன் தேறாமல் போனதை இழுப்பார்கள். அண்ணன் நேர்மையானவர். “அவரு கணக்குல பாஸ், மத்ததுல ஃபெயில். நான் மத்ததுல பாஸ். எங்க ரெண்டு பேருக்கும் சம்பந்தமில்லை” என்பார்.

இருபது பேரில் பதினேழு பேர் தேறுவார்கள். தேறாத மூவரோடு அண்ணனும் இருப்பார்.

இது எப்படி என்று விடுதியில் பல கட்சிகள் உண்டு. கிரகம் என்பான் ஒருவன். திருத்துகிறவருக்குக் கையெழுத்து பிடிக்கவில்லை என்பான் இன்னொருவன். ஒரு முறை அவரே கட்டணம் கட்டி விடைத்தாளின் நகலை வரவழைத்தார். சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். அச்சடித்தது போன்ற எழுத்து. ஐந்து பெரிய கேள்விகளுக்கும் கட்டம் போட்ட சமன்பாடு; கம்பிக் கணக்குக்கு நாலு கண்டிஷனும் மூன்று தீர்வும். ஒவ்வொன்றும் சரியாக ஒரு பக்கம். எந்தக் கேள்விக்கும் இரண்டாம் பக்கம் இல்லை. பதிமூன்றில் நாலு, பதிமூன்றில் நாலு என்று வரிசையாக வந்து, தேர்ச்சிக்கு மூன்று மதிப்பெண் குறைவாக நின்றிருந்தது. நாங்கள் முதல் பக்கத்தை அவரிடம் வாங்கிக்கொண்டு, இரண்டாம் பக்கத்தை ஆளாளுக்கு விடிகாலையில் எப்படியோ தேற்றிக்கொண்டு போனோம். அந்த நேரத்தில் அவர் அடுத்த அறைக்காரனுக்கு முதல் பக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவருடைய தீர்க்கதரிசனத்துக்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். கொரோனா சமயம், 2020 ஆகஸ்டில், அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருந்தாலே தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது. ஊருக்கு ஊர் முதலமைச்சருக்கு நன்றிப் பேனர் எழுந்தது. சொந்தப் பையன் பி.இ. முடித்துவிட்டான் என்று லட்டு வாங்கிய அப்பாக்கள் உண்டு. அண்ணனும் கட்டணம் கட்டியிருந்தார். அவர் கட்டாமல் விட்ட செமஸ்டர் ஏது? பேனருக்கு ஆளுக்கு நூறு ரூபாய் கேட்டுப் போன் செய்தோம். “அந்த நூறை எடுத்து வைங்கடா. ஏ.ஐ.சி.டி.இ. ஒத்துக்காது, கோர்ட்டுக்குப் போகும், மறுபடி ஃபீஸ் கட்டணும்” என்றார். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ. எதிர்த்தது. வழக்கு நடந்தது. தேர்வே வைக்காமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாதென்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. செய்தி வந்த அன்றைக்கு அண்ணன் எங்களை எள்ளி நகையாடவில்லை. கம்பிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, இணைய வழியில் எழுதினால் கட்டத்தை எப்படிப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அதே வருஷம், 2001-02 கல்வியாண்டு முதல் சேர்ந்து காலக்கெடு தாண்டிப் போனவர்களுக்கும் சிறப்பு வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. கூடுதல் கட்டணம் 5,000 ரூபாய். நரை விழுந்தவர்களெல்லாம் ஹால் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார்கள். சிலர் பெண் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராகத் தேர்வறைக்கு வந்தார்கள். அந்தப் பருவத்தில் அண்ணனுக்கு முதல் முறையாகத் தன்னைவிட மூத்த மாணவர்கள் கிடைத்தார்கள். அவர்களும் இவரை “அண்ணே” என்றுதான் கூப்பிட்டார்கள்.

அண்ணன் ஒரு வழியாகத் தேறினார். 52 மதிப்பெண். இரண்டு கேள்விக்கு இரண்டாம் பக்கம் எழுதியிருக்கிறார் என்று விடுதி முழுக்கப் பேச்சாக இருந்தது. இப்போது மென்பொருள் நிறுவனம் ஒன்றில் விடுப்பு விதி, மருத்துவக் காப்பீடு, பி.எஃப். எது கேட்டாலும் அவரிடம்தான் போகிறார்களாம். அவர் காலி செய்த அறை ஒரு வாரம்கூடக் காலியாக இருக்கவில்லை. எலெக்ட்ரிக்கல் துறையில் ஒரு பையன், எம்-த்ரீ மூன்று தடவை, சுவரில் ஏற்கெனவே தேதிகளை ஒட்டிவிட்டான்.

இந்த வருஷம் மகனைப் பொறியியல் விடுதியில் கொண்டு விடப் போகிற அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. வார்டன் அறைக்குப் போவதற்கு முன்னால், எம்-த்ரீ அண்ணன் எந்த அறை என்று விசாரித்து வையுங்கள். பக்கத்து அறை கிடைத்தால் விடாதீர்கள். அவர் அறையிலேயே இடம் போட்டிருந்தால் மட்டும், தயவுசெய்து மாற்றிக் கேளுங்கள்.