பந்தைத் தொடாமல் ஜெயித்தவர்

கே: ரக்பி ஆடத் தெரிந்தவருக்கு அமெரிக்கன் ஃபுட்பால் பெரிய விஷயமா? ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டியதுதானே?
(வாசகர், தஞ்சாவூர்)

ப: இரண்டும் அண்ணன் தம்பி ஆட்டங்கள்தான். 1874-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அணி ஹார்வர்டுக்கு வந்து ரக்பி மாதிரி விதிகளில் ஆடிக் காட்டியது. அமெரிக்கர்களுக்குப் பிடித்துப்போனது. 1880-களில் வால்டர் கேம்ப் விதிகளை அடியோடு மாற்றினார். 1906-இல் பந்தை முன்னால் வீசலாம் என்றும் ஆனது. அதோடு அண்ணனும் தம்பியும் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்.

ரக்பியில் 15 பேர், ரக்பி லீக் என்றால் 13 பேர், எப்படியானாலும் 80 நிமிடம். பந்தை முன்னால் வீசவே கூடாது. அமெரிக்கன் ஃபுட்பாலில் 11 பேர், 60 நிமிடம். 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. பந்து வைத்திருப்பவரைச் சாய்த்ததும் விசில், மறுபடி வரிசை கட்டி நிற்க வேண்டும். இதையெல்லாம் ஒரு மாதத்தில் பழகிக்கொள்ளலாம். எளிதில் பழக முடியாதது வேறொன்று. ரக்பியில் பந்து கையில் இல்லாதவரை மறித்தால் பெனால்டி. அமெரிக்கன் ஃபுட்பாலில் அப்படி மறிப்பதற்கென்றே ஐந்து பேரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

கே: ரக்பியை விட்டு அங்கே போனவர்களில் உண்மையிலேயே கொடி நாட்டியவர் யார்?
(கல்லூரி மாணவி, திருச்சி)

ப: ஜோர்டன் மைலாட்டா. எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது. சிட்னியின் பேங்க்ஸ்டவுனில் பிறந்தவர், சமோவா வம்சாவளி. உயரம் 6 அடி 8 அங்குலம், எடை சுமார் 160 கிலோ. சவுத் சிட்னி ராபிட்டோஸ் கிளப்பின் இளையோர் அணியில் ரக்பி லீக் ஆடினார். அவர் பந்தோடு ஓடிவர, மறிக்கப் போனவர்கள் ஒவ்வொருவராகச் சிதறும் வீடியோவைப் பார்த்தால் இவருக்கு என்ன குறை என்றுதான் தோன்றும். குறை அந்த உடம்புதான். ஆட்டம் முழுக்க ஓட வேண்டிய விளையாட்டில் அது சுமை.

2018-இல் ஃபுளோரிடாவில், அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். நடத்தும் வெளிநாட்டு வீரர் பயிற்சித் திட்டத்துக்குப் போனார். அதே ஆண்டு, அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரை 233-ஆவது ஆளாக எடுத்தது. கடைசிச் சுற்று அது. அன்றுவரை அவர் ஒரே ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடியதில்லை! முதல் இரண்டு சீசனில் ஒரு ஆட்டத்திலும் இறக்கவில்லை. 2020-இல்தான் முதல்முறை தொடக்க வரிசையில் நின்றார். அடுத்த ஆண்டு, முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்ட ஆண்ட்ரே டில்லர்டோடு போட்டி போட்டு அந்த இடத்தைத் தனதாக்கிக்கொண்டார். கையோடு நான்கு ஆண்டுக்கு 6 கோடியே 40 லட்சம் டாலர் ஒப்பந்தம். 2025 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸை 40-22 என்று வீழ்த்தி, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலும் ஜெயித்தாயிற்று.

கே: அவர் பந்தை எடுத்து ஓடுவதை நான் பார்த்ததே இல்லையே?
(வாசகர், கோயம்புத்தூர்)

ப: சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். அவர் இருப்பது லெஃப்ட் டாக்கிள் இடத்தில். பந்தைத் தொடுவது அவர் வேலையே இல்லை. வலது கைக்காரரான குவார்ட்டர்பேக் பந்தை வீசத் திரும்பும்போது அவருடைய முதுகு இடப்பக்கம் இருக்கும். அந்த முதுகுக்குக் காவல்தான் மைலாட்டா.

கே: காவல் நிற்க இரண்டு வருஷப் பயிற்சியா? ஆள் வந்தால் இடித்துத் தள்ள வேண்டியதுதானே?
(உடற்கல்வி ஆசிரியர், திருநெல்வேலி)

ப: நீங்கள் உடற்கல்வி ஆசிரியர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இடித்துத் தள்ளப் போனால் தோற்றோம் என்று அர்த்தம்.

எதிரே 120 கிலோ ஆள் ஒருவர் வில்லாக வளைந்து குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிறார். நம் ஆள் முன்னால் போய் மோதினால் அவர் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் பின்வாங்க வேண்டும். இடது கால் பின்னோக்கிச் சாய்வாகத் தரையைத் தேய்த்துக்கொண்டு போகும், வலது கால் அதே தூரம் கூடவே வரும். இரண்டும் ஒன்றையொன்று தாண்டக் கூடாது. தாண்டிய நொடியில் விரலால் தள்ளினாலும் விழுவோம். முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், இடுப்பு தாழ்ந்திருக்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். கையை முந்தி நீட்டினால் எதிராளி அதைத் தட்டிவிட்டுப் போவார். பிந்தி நீட்டினால் நெஞ்சில் வந்து விழுவார். சரியான கணத்தில் இரண்டு உள்ளங்கையும் அவர் மார்புக்கு நடுவில் பதிய வேண்டும். தோளுக்கு வெளியே சட்டையைப் பிடித்து இழுத்தால் 10 யார்டு அபராதம். இவ்வளவும் மூன்று நொடிக்குள். ஒரு ஆட்டத்தில் இதை முப்பது, நாற்பது தடவை செய்ய வேண்டும்.

சின்ன வயதிலிருந்து முன்னால் போவதொன்றே வெற்றி என்று கற்ற ரக்பிக்காரரின் கால்களுக்கு இது எவ்வளவு அந்நியம் என்று யோசித்துப் பாருங்கள். ஈகிள்ஸின் லைன் கோச் ஜெஃப் ஸ்டவுட்லேண்ட் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார். மைலாட்டாவின் பெருமையில் பாதி அந்த மனிதருக்குச் சேர வேண்டும். நல்ல வாத்தியார் வாய்க்காமல் இந்தக் கதை நடந்திருக்காது.

கே: ஜாரிட் ஹேன் ரக்பி லீகில் ராஜா. அமெரிக்காவில் ஏன் நிலைக்கவில்லை?
(வாசகர், மெல்போர்ன்)

ப: ராஜாவாகவே இருந்ததால்தான் என்பது என் எண்ணம். ஆஸ்திரேலியாவில் ஆண்டின் சிறந்த வீரருக்கான டேலி எம் பதக்கத்தை 2009-இலும் 2014-இலும் வாங்கியவர். 2015-இல் சான் ஃபிரான்சிஸ்கோ 49-யர்ஸ் அணியில் சேர்ந்தார். கிடைத்த வேலைகள் எல்லாமே பந்து சம்பந்தப்பட்டவை. எதிரணி உயர உதைத்தனுப்பும் பண்ட் பந்தைப் பிடித்துத் திரும்பி ஓடுவது, ரன்னிங் பேக்காக ஓடுவது.

2015 செப்டம்பர் 14, மினசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிராக முதல் ஆட்டம். முதல் பண்ட் அவரைத் தேடி வந்தது, கையில் பட்டு நழுவியது, எதிரணி எடுத்துக்கொண்டது. வாழ்நாள் முழுக்க உயரப் பந்தைப் பிடித்தவருக்கா இப்படி என்று ஊரே கேட்டது. ரக்பியில் எகிறிப் பிடிப்பவர் தரையில் காலூன்றும்வரை அவரைச் சாய்க்கக் கூடாது. அமெரிக்கன் ஃபுட்பாலில் கையைத் தூக்கிச் சலுகை கேட்காவிட்டால், பந்து கையில் பட்ட நொடியே இடி விழும். அந்த இடியையும் பந்தையும் ஒரே சமயத்தில் பார்க்கும் கண்கள் பள்ளிக்கூட வயதிலேயே தயாராகின்றன. ஹேனுக்கு இருந்தது சில மாத அவகாசம்.

மொத்தம் எட்டு ஆட்டம், 17 ஓட்டம், 52 யார்டு. 2016 மே மாதம் விலகி, ரியோ ஒலிம்பிக்கில் ஃபிஜிக்கு ஆட முயன்றார். அணியில் இடம் கிடைக்கவில்லை. இருந்தாலும், வெறும் பயிற்சி முகாமிலிருந்து 53 பேர் பட்டியலுக்குள் நுழைந்தது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதை மறந்துவிட்டு அந்த ஒரு நழுவலை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

கே: ரக்பியிலிருந்து போன கிறிஸ்டியன் வேட் முதல் தொடுதலிலேயே டச் டவுன் போட்டாராமே?
(வாசகர், மதுரை)

ப: ஆமாம். 2019 ஆகஸ்ட், பஃபலோ பில்ஸ், கையில் வந்த முதல் பந்து, 65 யார்டு, நேரே கோட்டைத் தாண்டிவிட்டார். ஆனால் அது சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம். கணக்கில் சேரும் ஆட்டம் ஒன்றில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. காரணம் கால் இல்லை. ரன்னிங் பேக் ஓடுவது பாதி வேலைதான். பாய்ந்து வரும் எதிராளியை மறிப்பது, அதற்குமுன் பாய்வது யாரென்று வரிசையைப் பார்த்தே கண்டுபிடிப்பது மீதிப் பாதி. அதை வேகத்தால் ஈடுகட்ட முடியாது.

கே: வேல்ஸின் லூயிஸ் ரீஸ்-ஸாமிட் புகழின் உச்சியில் ரக்பியை உதறிவிட்டுப் போனார். ஒன்றரை வருஷத்தில் திரும்பிவிட்டார். அவசர முடிவுதானே?
(வாசகர், சேலம்)

ப: இல்லை. 2024 ஜனவரியில், ஆறு நாடுகள் போட்டிக்கு வேல்ஸ் அணியை அறிவிக்கும் நாளிலேயே விலகினார். அப்போது அவருக்கு வயது 22. வேகத்தை நம்பிப் போகிறவர் 22-இல் போகாமல் 30-இலா போவார்? முதலில் சீஃப்ஸ், அவர்கள் விடுவித்ததும் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸின் பயிற்சி அணி. முறையான ஆட்டம் எதிலும் களம் காணாமலே 2025-இல் திரும்பி பிரிஸ்டல் பேர்ஸில் சேர்ந்தார். வேடைப் போல அவருக்கும் பந்தைக் கையாளும் வேலையையே கொடுத்தார்கள். அந்த வேலைக்கு அமெரிக்காவில் கல்லூரிக்குக் கல்லூரி இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். 6 அடி 8 அங்குலத்தில் லாவகமாகக் காலை நகர்த்துகிறவர்கள் அப்படி வரிசையில் நிற்பதில்லை. அணிகள் வெளியூரில் தேட வேண்டியது அவர்களைத்தான்.

கே: இந்த வெளிநாட்டு வீரர் திட்டமே வியாபாரம்தானே?
(வணிகர், ஈரோடு)

ப: வியாபாரமும் உண்டு. லண்டனில் 2007-இலிருந்து கணக்கில் சேரும் ஆட்டம் நடத்துகிறார்கள், மெல்போர்னுக்கும் தேதி குறித்தார்கள். உள்ளூர்ப் பையன் ஒருவன் அணியில் இருந்தால் டிக்கெட் விற்கும். ஆனால் 2017-இல் இந்தத் திட்டம் வராவிட்டால் மைலாட்டா யாரென்றே நமக்குத் தெரிந்திருக்காது. கதவைத் திறந்துவிடுவது ஒன்று, திறந்த பின் சொல்லிக்கொடுக்கப் பொறுமை காட்டுவது இன்னொன்று. என் குறை இரண்டாவதில்தான். பல அணிகள் பயிற்சி அணியில் ஒரு கூடுதல் இடம் கிடைக்கிறதே என்று ஆளை வைத்துக்கொண்டு, அடுத்த கோடையில் அனுப்பிவிடுகின்றன.

கே: ரக்பியிடமிருந்து அமெரிக்கர்கள் கற்றுக்கொண்டது ஏதாவது?
(வாசகர், கொழும்பு)

ப: ஆளைச் சாய்க்கும் விதம். ஹெல்மெட் இருக்கிற தைரியத்தில் தலையைக் கொடுத்து மோதும் பழக்கம் அங்கே பல வீரர்களின் மூளையைப் பதம் பார்த்திருக்கிறது. சியாட்டில் சீஹாக்ஸ் கோச் பீட் கேரல் 2014-இல், தலையை ஒதுக்கி, தோளால் இடித்து, கையால் தொடையைக் கட்டும் ரக்பி முறையைப் பயிற்சி வீடியோவாகவே வெளியிட்டார். இன்னொன்று, ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து மொத்தமாகத் தள்ளி ஒரு யார்டு எடுக்கும் உத்தி. அதைச் செம்மைப்படுத்த ஸ்காட்லாந்து ரக்பி பயிற்சியாளர் ரிச்சி கிரேயிடம் ஆலோசனை கேட்டார்கள்.

கே: என் அக்கா மகன் லண்டனில் பள்ளி அணியில் ரக்பி ஆடுகிறான். 17 வயது. என்.எஃப்.எல். கனவு. என்ன சொல்வது?
(வாசகி, சென்னை)

ப: நேட் எப்னரைப் பற்றிப் படிக்கச் சொல்லுங்கள் அம்மா. அமெரிக்க இளையோர் ரக்பி அணியில் ஆடியவர். நேரே தொழில்முறைக்குத் தாவாமல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் உதவித்தொகை இல்லாமல் சேர்ந்து பழகினார். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 2012-இல் எடுத்தது. பண்ட், கிக்ஆஃப் சமயத்தில் மட்டும் ஓடிப்போய் ஆளைச் சாய்க்கும் சிறப்புப் பிரிவில் நின்று மூன்று சூப்பர் பவுல் ஜெயித்தார். நடுவில் 2016-இல் விடுப்பு வாங்கிக்கொண்டு ரியோ ஒலிம்பிக்கில் ரக்பியும் ஆடிவிட்டு வந்தார். 17 வயதில் உங்கள் பையனுக்கு அந்தக் கல்லூரி வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

கே: மைலாட்டா நன்றாகப் பாடுவாராமே?
(வாசகர், புதுச்சேரி)

ப: அருமையாகப் பாடுவார்! 2022-இல் முகமூடி போட்டுப் பாடும் அமெரிக்க டிவி போட்டியில் கலந்துகொண்டார். அதே ஆண்டு சக லைன்மேன்கள் ஜேசன் கெல்சி, லேன் ஜான்சனோடு சேர்ந்து நற்பணிக்கு நிதி திரட்ட ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பமும் போட்டார். கேட்டுப் பாருங்கள், மூவரில் குரல் இவருடையதுதான்.