அம்மாவுக்கு ஒரு ரிவால்வர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் வேலை பார்க்கும் மகனுக்கு, பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவைப் பற்றித் திடீர்க் கவலை. துப்பாக்கி வாங்கித் தரலாமாம். பேஷாக வாங்கலாம். 2014-இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்றே ‘நிர்பீக்’ என்று ஒரு ரிவால்வர் விட்டது. எடை அரைக் கிலோ. விலை அப்போதே ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி. நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். திருடன் முதலில் கை வைப்பது அதில்தான்.

வாங்குமுன் லைசென்ஸ். 1959 ஆயுதச் சட்டப்படி மனு, போலீஸ் விசாரணை, உயிருக்கு என்ன ஆபத்து என்ற விளக்கம். முட்டிவலிக்காரி கடலூர் கலெக்டர் ஆபீஸ் படியேறி வாங்கியே விட்டாலும், தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். திருடர்களும் நடத்தை விதிக்குக் கட்டுப்படுவார்கள் என்று நம்புவோம்.

“எனக்கெதுக்குடா அது? பலாப்பழம் அறுக்கிற கத்தி இருக்கு. துப்பாக்கிய வச்சா, அதுக்குக் காவலா நான்ல முழிச்சிருக்கணும்!”

துப்பாக்கி இல்லாமலே சமாளித்தவர்களும் உண்டு. 2019 ஆகஸ்டில், கடையம் அருகே கல்யாணிபுரத்தில் அரிவாளோடு வந்த இரண்டு முகமூடிக்காரர்களை ஒரு வயதான தம்பதி செருப்பாலும் பிளாஸ்டிக் நாற்காலியாலும் விரட்டியடித்தார்கள். சிசிடிவி புண்ணியத்தில் நாடே பார்த்தது. அந்த அம்மாவுக்குக் கையில் வெட்டு, சங்கிலியும் போனது. சுதந்திர தினத்தன்று அரசு வீர விருது கொடுத்தது.

மகன் சாருக்கு ஒரு வேண்டுகோள்: ரிவால்வர் இருக்கட்டும், பின்கட்டுக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளாக ஒன்று வாங்கிப் போடுங்கள்.