கருத்துச் சொல்லப் போகும் விவசாயிக்குச் சில அறிவுரைகள்

உங்கள் ஊரில் வயல் விழா நடக்கப்போகிறது. புதிய நெல் ரகங்களை இனிமேல் உங்களைக் கேட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்களாம். உங்களுக்கு இருப்பது இரண்டு ஏக்கர், அதிலும் பாதி குத்தகை. ஆனாலும் அன்றைக்கு நீங்கள்தான் முக்கியப் புள்ளி. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போங்கள். ரொம்பவும் வெளுப்பாக வேண்டாம், போட்டோவில் விவசாயி மாதிரித் தெரிய வேண்டும்.

பந்தலுக்குள் நுழைந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். மழை வந்தால் பேச்சை நிறுத்திவிடலாம், வடையைப் பொட்டலம் கட்டிவிடலாம். கையெழுத்தை மட்டும் ஒத்திவைக்க முடியாது, ஏனென்றால் நிதி அதில்தான் இருக்கிறது. வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள். நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து, தூற்றி, அவித்து, சோறாக்கிப் பார்த்து எந்த நெல்லின் குணம் எது என்று அறிந்தவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. பட்டா உங்கள் பெயரில் இருப்பதால் கேள்வி உங்களுக்கு. ‘மகளிர் பங்கேற்பு’ என்ற கட்டத்தை நிரப்ப அவர்களுடைய கைநாட்டு வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது திடல். எட்டு ரகம், எட்டுப் பாத்தி, எட்டுப் பலகை. பம்புசெட்டுக்குப் பக்கத்தில், தழை மணி சாம்பல் மூன்றையும் நிறுத்துப் போட்டு, நாள் தவறாமல் மருந்தடித்து வளர்த்த செல்லப்பிள்ளைகள். உங்கள் வயல் இருப்பதோ கடைமடையில். வேண்டும்போது தண்ணீர் வராது, ஐப்பசியில் வேண்டாமென்றாலும் முழங்கால் அளவு நிற்கும். யூரியா பயிருக்குத் தேவைப்படும்போது விழாது, சொசைட்டியில் வரும்போதுதான் விழும். “நம்ம வயல்ல இது எப்படிங்கய்யா வரும்?” என்று கேட்டுவிடாதீர்கள். விழாவுக்கு வந்தவர் கேட்கிற கேள்வியா அது?

வைக்கோலைப் பற்றியும் வாயைத் திறக்காதீர்கள். குட்டை ரகத்தில் வைக்கோல் முழங்காலுக்குக் கீழே நின்றுவிட்டால் பசு எதைத் தின்னும் என்பது உங்கள் வீட்டுக் கவலை. படிவத்தில் மகசூலுக்குக் கட்டம் உண்டு, வயதுக்கு உண்டு, பூச்சிக்கு உண்டு, மாட்டுக்குக் கிடையாது. சோறு மறுநாள் பழையதுக்கு நிற்குமா, ஆலையில் எவ்வளவு நொய் விழும், வியாபாரி இந்த நெல்லைப் பார்த்ததும் மூட்டைக்கு எவ்வளவு குறைப்பான் என்பதற்கும் கட்டம் இல்லை.

பிறகு உங்கள் கையில் கலர் ரிப்பன் கொடுப்பார்கள். பிடித்த ரகத்தின் பாத்தியில் கட்ட வேண்டும். நீங்கள் சும்மா இருப்பீர்களா? கதிரை உருவி, நெல்லைப் பல்லில் கடித்து, தூரைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, ஊரே சொல்லிவைத்ததுபோல் கடைசிப் பாத்தியில் கட்டுவீர்கள். அதிகாரி சங்கடத்தோடு சிரிப்பார். “அது ஒப்பிட்டுப் பார்க்க வைத்த பழைய ரகம் ஐயா, போட்டியிலேயே இல்லை.” ரிப்பன்கள் இடம் மாறும். புதிய ரகத்துக்கு விவசாயிகளிடையே பெருத்த வரவேற்பு என்று மறுநாள் பேப்பரில் படிப்பீர்கள்.

சிரித்தாயிற்று. இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருவோம்.

மலேசியாவிலிருந்து வந்த மாசூரி நெல் 1960களின் கடைசியில் நம் நாட்டு ஆராய்ச்சித் திடலில் தோற்றுப்போனது. உயரமாக வளர்ந்து சாய்கிறது என்று தள்ளிவிட்டார்கள். ஆந்திராவில் ஆராய்ச்சிப் பண்ணையில் கூலிவேலை பார்த்த ஒருவர் அதில் கொஞ்சம் விதையை ஊருக்குக் கொண்டுபோனார். ஊரிலிருந்து ஊருக்கு, மடியிலும் பையிலுமாகப் பரவி, நாட்டில் அதிகம் பயிரான ரகங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. 1986இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வெள்ளைப் பொன்னிக்கும் அதே தாய் தகப்பன்தான். நாம் கல்யாணப் பந்தியில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் சோறு, பெயில் மார்க் வாங்கிய நெல்லின் வம்சம். மார்க் போட்டவர்கள் ஓய்வூதியம் வாங்கினார்கள். விதையைக் கொண்டுபோன கூலிக்காரரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

பெயர் தெரிந்தவரின் கதி மட்டும் என்ன வாழ்ந்தது? மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் மாவட்டம், நாந்தேட் என்ற சிற்றூர். அங்கே தாதாஜி கோப்ரகடே. தலித் குடும்பம், மூன்றாம் வகுப்புப் படிப்பு, ஒன்றரை ஏக்கர். 1983இல் தன் வயலில் நின்ற பட்டேல் 3 என்ற நெல்லில் இரண்டு மூன்று கதிர்கள் நிறம் மாறி நிற்பதைக் கண்டார். தனியே அறுத்துவைத்தார், தனியே விதைத்தார், காட்டுப்பன்றி தின்றுவிடாமல் பாதுகாத்தார். வருடக்கணக்காகத் தேறியதை மட்டும் எடுத்துத் திரும்ப விதைத்தார். சன்ன ரகம், நல்ல விளைச்சல். 1990 வாக்கில் சந்தைக்குப் போன அந்த நெல்லுக்குப் பெயர் இல்லாததால் வியாபாரி ஒருவர் அப்போது எல்லார் கையிலும் இருந்த கடிகாரத்தின் பெயரைச் சூட்டினார்: எச்.எம்.டி.

1994இல் பஞ்சாப்ராவ் தேஷ்முக் வேளாண் பல்கலைக்கழகத்தார் வந்து ஆய்வுக்கென்று அவரிடம் ஐந்து கிலோ விதை வாங்கிப் போனார்கள். 1998இல் பி.கே.வி-எச்.எம்.டி. வெளியானது. விவசாயியின் விதை கலப்படம், நாங்கள்தான் சுத்தப்படுத்தினோம் என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். இந்த வாதத்தைச் சற்று நேரம் கையில் வைத்துப் பாருங்கள். ஒரு மனிதர் பல வருடம் ஒவ்வொரு கதிராகப் பொறுக்கியெடுத்தால் அது கலப்படம். அதையே சம்பளம் வாங்கிக்கொண்டு சில வருடம் பொறுக்கினால் விஞ்ஞானம். ரகத்தின் பெயரில் முதல் மூன்று எழுத்து பல்கலைக்கழகத்துக்கு, அடுத்த மூன்று கடிகாரக் கம்பெனிக்கு. கண்டெடுத்தவருக்கு ஓர் எழுத்துகூட இல்லை.

பாராட்டுக்குக் குறைவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2005இல் குடியரசுத் தலைவர் கலாம் கையால் விருது. 2010இல் ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் பட்டியலில் இடம். ஐந்து மாநிலங்களில் லட்சம் ஏக்கருக்கு மேல் விளைந்த நெல்லைத் தந்தவர், பக்கவாதம் வந்து, சிகிச்சைக்குப் பணமில்லாமல் தவித்து 2018 ஜூன் 3 அன்று செத்துப்போனார். அந்த நெல்லை விற்றுக் காசு பார்த்தவர்கள் வேறு யார்யாரோ.

யாரையும் கேட்காமல் விவசாயி தானே தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதை 2019இல் குஜராத் விவசாயிகளுக்குப் பெப்சிகோ சொல்லிக்கொடுத்தது. சிப்ஸுக்கான உருளைக்கிழங்கு ரகத்தைத் தன் அனுமதி இல்லாமல் பயிரிட்டார்கள் என்று நான்கு பேர்மீது தலைக்கு 1.05 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை தரும் சட்டம் 2001இலேயே வந்துவிட்டது. நாடே கூச்சல் போட்ட பிறகுதான் வழக்கு வாபஸ் ஆனது.

ஒழுங்காகக் கேட்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1980களின் கடைசியில் ருவாண்டாவில் பீன்ஸ் பயிரிடும் பெண்களை ஆராய்ச்சிப் பண்ணைக்குள்ளேயே அழைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சொந்த வயலில் அவர்கள் எடுத்த விதை, விஞ்ஞானிகள் எடுத்த விதையை முந்தியது. 1990களில் ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசத்தின் பழங்குடிக் கிராமங்களில் பல ரகங்களைக் கையில் கொடுத்து உங்கள் நிலத்திலேயே போட்டுப் பாருங்கள் என்றார்கள். மக்கள் கலிங்கா 3ஐப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பகுதிக்கு அரசு பரிந்துரைத்த பட்டியலிலேயே அது இல்லை.

ஆக, அதிகாரி ஐயா, வழி தெரியாமல் இல்லை, மனம்தான் இல்லை. வெளியீட்டு விழாவுக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே இரண்டு கிலோ விதையைக் கடைமடைக்காரரிடம் கொடுங்கள். அவர் தண்ணீரில், அவர் எருவில் விளையட்டும். அவர் மனைவி வடித்துப் பார்த்துச் சொல்லட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதி, அந்த ரகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள். அவரிடமிருந்து விதை வாங்கினால் அவர் பெயரைப் போட்டு, விற்பனையில் பங்கைக் கொடுங்கள். அதுவரை உங்கள் பதிவேட்டில் இருக்கும் கையெழுத்துக்கு வடையும் டீயும் சாப்பிட்டதற்கான ரசீது என்பதற்கு மேல் ஒரு மதிப்பும் கிடையாது.