கோணல் வீடும் நேர் மீசையும்

ஏலே பேராண்டி, காலைலருந்து செல்லையே பாத்துப் பாத்து என்னலே வரையுத? ஓ, அந்த ஓவியக்காரர் சூட்டின் போட்ட செரே ஊரா! பிரான்சு மலையடிவாரத்துல 1919-லருந்து மூணு வருசம் கெடந்து போட்டாராமே. வீடெல்லாம் கள்ளுக்கடையிலருந்து வாரவன் கணக்கா சாயுது, நல்லாத்தாம்லே இருக்கு. ஆனா நீ ஒவ்வொரு வீட்டையும் ஸ்கேல் வச்சுல்லா சாச்சிருக்க! கோணலை அளந்து போட்டவனை நம்ம சங்கரன்கோவில்ல நான் இன்னைக்குத்தான் பாக்கேன்.

செல்லு அரை நிமிசத்துக்கு ஒருக்க அணையுது. நீ பெயிண்டு வெரலாலயே தட்டித் தட்டி, இப்போ படத்தைக் காட்டிலும் செல்லுதான் ஜோரா வந்திருக்கு.

நான் மாட்டுவண்டிக்கும் சைக்கிள் கடைக்கும் பேரு எழுதுன ஆளு. இருந்தாலும் சொல்லுதேன், அடிப்பூச்சுல எண்ணெயை இப்படி ஊத்தாத. கீழ டர்பன்டைன் விட்டு மெலிசா, மேல போகப்போகத்தான் எண்ணெய் கூடணும். மாத்திப் பூசுனா மேல்தோலு முந்திக் காஞ்சு, கோடைக் கம்மாய்க் கரம்பையா வெடிச்சுரும்.

பாத்துப் போடுதது தப்பில்லலே. நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதுன கோவில்பட்டி கொண்டைய ராஜுகிட்ட இருந்துதான சீடப்பிள்ளைய காலண்டர் சாமிகளைப் பழகுனாவ. இந்தச் சூட்டினே 1925 வாக்குல ரெம்பிராண்டு போட்ட மாட்டுப் படத்தை மனசுல வச்சுக்கிட்டு, உரிச்ச மாட்டையே வாங்கி வீட்டுக்குள்ள தொங்கவிட்டாராம். நாத்தம் தாங்காம அக்கம்பக்கம் சண்டைக்கு வந்துட்டாம். உனக்கு அந்தச் செலவும் இல்ல. ஊரு வாசல்லயே ஓசியா கெடக்கு.

ஆடித்தபசுக்கு ரத வீதியில நின்னியே, மறந்துட்டியா? பருத்தியும் வத்தலும் தலைக்கு மேல பறக்க, முன்னால நிக்கவன் முதுகுல மூக்கு நசுங்க, ஒம்பது நிலைக் கோபுரமே ஒருச்சாச்சு சாஞ்சு வந்துச்சு தாத்தான்னு நீதான அன்னைக்குச் சொன்ன. அந்தத் தள்ளுதாம்லே அவரு படத்துல இருக்கு. உன் படத்துல உன்னை ஒருத்தனும் தள்ளக் காணோம்.

இன்னொண்ணு. அந்த மனுசன் பின்னால செரே படங்களைத் தேடித் தேடிப் பிடிச்சுக் கிழிச்சாராம். நீ இதுக்குக் கண்ணாடி போட்டு ஆச்சி கட்டிலுக்கு மேல மாட்டப் போறேங்கியே, துணிச்சக்காரன்தான்.

நாளைக்கு வெள்ளனத்துல பலகையும் டியூபுமா தேரடிக்கு வா. நான் வெத்தலை போட்டுட்டு அங்கனதான் இருப்பேன். ஓரமா என்னையும் எழுதிரு. ஒடம்பு எம்புட்டுக் கோணுனாலும் கோணட்டும், மீசையை மட்டும் நேரா போட்டுருலே, ஆச்சி பாப்பா.