பேனர்ல குதிரையேறின பேராண்டிக்கு

வாடா சிங்கம். அறையை வுட்டு வெளிய வந்துட்டியா? வந்ததுக்கு அந்த மல்லாட்டையை ஒருக்கா பொரட்டி வுட்டுட்டு இப்படி ஒக்காரு. பாத்து மிதி. கீழ விரிச்சிருக்கிறது பாயில்ல, உன் பேனரு. நாலு மூலையிலயும் கல்லு வெச்சிருக்கேன், காத்துக்குப் பறக்காது. பொங்கலுக்கு முச்சந்தியில கட்டினியே, குதிரை மேல நீ ஏறிக்கினு, பின்னால ராஜகிரி, தலைக்கு மேல "செஞ்சியின் மறு தேசிங்கு"ன்னு கொட்டை எழுத்து. உன் பாட்டிக்கு ஒரே சந்தோஷம். தார்ப்பாய் வாங்குற காசு மிச்சமாச்சாம். உன் மீசை இருக்கிற எடத்துலதான் காய் நல்லா காயுதாம்.

கோவப்படாதடா. மைக்கைப் பிடிச்சு, கபடியில ஒரே ஏறுல ஏழு பேரையும் வாரிக்கினு வரேன்னு சொன்னது நீதானே? கடைசி ஏறுல அந்த ஒல்லிப் பையன் உன் கணுக்காலைப் பிடிச்சான். கோட்டுக்கும் உனக்கும் ஒரு சாண்தான் இருந்திச்சு. நீ குப்புற வுழுந்து புழுதியைத் துண்ண. அன்னிக்குப் போனை அணைச்சவன் இன்னும் போடல. கமிட்டிக்கு மூட்டை ஏத்தக் கூப்பிட்டா தலைவலி. போவட்டும். ஆனா உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னியாமே, தேசிங்கு மாதிரி களத்துலயே செத்திருக்கணும், இப்படித் தோத்திருக்கக் கூடாதுன்னு. அவ அழுதுகினே வந்து என்கிட்ட சொன்னா. அதுக்குத்தான் கூப்பிட்டேன்.

தேசிங்கை நான் குறைச்சுச் சொல்லமாட்டேன். கூத்துல அவன் குதிரைக்குச் சேணம் பூட்டுற எடத்துல இன்னிக்கும் எனக்குக் கண்ணு கலங்கும். 1714, அக்டோபர் மாசம். மீசை முளைச்சு நாலு வருஷமான வயசு. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கிப் பணம் கேக்குறான், இவன் தரமாட்டேன்றான். சிங்கவரத்துப் பெருமாள்கிட்ட உத்தரவு கேக்கப் போனா, படுத்திருந்த பெருமாளு வேணான்னு தலையைத் திருப்பிக்கினாராம். சாமியே மூஞ்சியைத் திருப்பினாலும் கேக்குற பிள்ளையா? சில நூறு குதிரையோட கிளம்பினான், நவாப்போட பெரும்படையில போய் வுழுந்தான், முடிஞ்சான். முந்நூறு வருஷமா பாடுறோம்.

ஆனா பேராண்டி, தேசிங்குக்கு மறுநாள் காலையில எழுந்திரிக்கிற வேலை இல்ல. உனக்கு இருக்கு. மாட்டுக்குத் தண்ணி காட்டணும், டீக்கடையைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவணும், அங்க நாலு பேரு கணுக்கால் எப்படி இருக்குன்னு கேப்பானுங்க. அதுக்கு இன்னா பதில் சொல்றதுன்னு தேசிங்கு கதையில ஒரு எடத்துலயும் கிடையாது. அதைச் சொல்றதுக்கு வேற ஆள் இருக்கான். இதே கோட்டை, தேசிங்குக்கு ஒரு இருபது வருஷம் முன்ன. அவனுக்கு எவனும் கூத்துக் கட்டல. பேரு சுல்பிகார் கான்.

எட்டாங்கிளாஸு படிச்ச கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்குறியா? ராஜகிரி ஏறுற புரொபசருங்களுக்குத் தண்ணிக் குடம் தூக்கினவன்டா நான். கமலக்கண்ணியம்மன் கோயில் கிட்ட வந்ததும் அவங்களுக்கு மூச்சு வாங்கும். ஒக்காந்து பேசுவாங்க. கூலி வாங்கிக்கினு பாடம் கேட்டவன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான்.

சுல்பிகாரோட அப்பன் அசத் கான், ஔரங்கசீப்புக்கு வசீரு. அதாவது பெரிய எடம். 1689ல பையன் போய் ராய்கட் கோட்டையைப் பிடிச்சான். சிவாஜி பட்டம் கட்டிக்கின மலைடா அது. சம்பாஜி பொண்டாட்டி ஏசுபாயும், ஏழு வயசுப் புள்ளை சாகுவும் அதுல பிடிபட்டாங்க. சுல்பிகார் கான்ற பேரே அந்த வெற்றிக்கு பாதுஷா குடுத்த பட்டம். அதுக்கு முன்ன அவன் இதிகாத் கான். உன் பட்டத்தையும் சும்மா சொல்லக் கூடாது, காசு குடுத்து பிளக்ஸ் கடையில அடிச்சு வாங்கினது.

சம்பாஜி தம்பி ராஜாராம் தப்பிச்சு, பரதேசி வேஷம் போட்டுக்கினு நம்ம செஞ்சிக்கு வந்து சேந்தான். பின்னாலயே 1690 செப்டம்பர்ல சுல்பிகார் வந்து எறங்கினான். ராய்கட்டையே பிடிச்சவனுக்கு இந்தப் பாறைக் குன்றைப் பாத்து மனசுல இன்னா தோணியிருக்கும்? பேனர் கட்டினவன் நீ, நீயே சொல்லு.

வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம்னு மூணு மலை. மூணையும் சேத்து மதிலு ஓடுது. இவன் கிழக்க நின்னா மேக்கால நெல்லு உள்ள போவுது, மேக்க போனா கிழக்கால போவுது. சுத்தி வளைக்க ஆளு பத்தல. ராஜகிரி மட்டும் எண்ணூறு அடி உசரம். உச்சிக்குப் போற எடத்துல பாறை ரெண்டா பொளந்து நிக்கும், நடுவுல ஒரு பாலம். பாலத்தை எடுத்துட்டா அந்தண்டை பத்து பேரு போதும், இந்தண்டை பத்தாயிரம் பேரு வேடிக்கைதான் பாக்கணும். அந்தப் பாலத்து மேல நின்னு கீழ பாத்திருக்கியா? பாத்திருக்க மாட்ட. செல்பி எடுக்கிறவன் அவன் மூஞ்சியைத்தான் பாப்பான்.

இதுல யாவாரம் பண்ணவன் பொழைச்சான். மெட்ராஸ் இங்கிலீஷ்காரன் சுல்பிகாருக்கு வெடிமருந்து குடுத்தான். அதே கும்பினி அந்த 1690லயே ராஜாராம்கிட்ட பணத்தைக் குடுத்து கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கிக்கிச்சு. எல்லைக்குக் கயிறு பிடிக்கல. பீரங்கியைச் சுட்டான், குண்டு போய் வுழுந்த தூரம் வரைக்கும் ஊரெல்லாம் அவனுது. ரெண்டு பேரு மல்லுக்கட்டினா நடுவுல எவன் கல்லா கட்டுறான்னு பாரு. உங்க டோர்னமெண்டுல பஜ்ஜிக்கடை போட்டவன் மாதிரியே.

ரெண்டு வருஷம் போச்சு. அப்பன் அசத் கானும் பாதுஷா மவன் காம் பக்ஷும் தொணைக்கு வந்தாங்க. 1692 ஐப்பசி கார்த்திகை மழை அடிச்சு ஊத்துச்சு, கூடாரத்துல தானியம் இல்ல. அந்த நேரம் பாத்து சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ்னு ரெண்டு மராட்டிய சூரனுங்க பெரிய குதிரைப்படையோட வந்துட்டானுங்க. காஞ்சிபுரத்து பௌஜ்தாரு அலி மர்தான் கானை சந்தாஜி பிடிச்சுக்கினு போய்ட்டான், பணம் குடுத்துத்தான் மீட்டாங்க. கோட்டைக்குப் பின்னால காவல் நின்ன இஸ்மாயில் கானும் பிடிபட்டான். முற்றுகை போட வந்தவனைச் சுத்தி முற்றுகை! இதுக்கு நடுவுல காம் பக்ஷு உள்ள இருக்கிற ராஜாராமோட ரகசியமா தூது பேசுறான். அப்பனும் புள்ளையும் சேந்து பாதுஷா மவனையே பிடிச்சுக் காவல்ல வெச்சாங்க. நெனைச்சுப் பாரு, ஔரங்கசீப் புள்ளைடா.

தானியத்துக்கு சுல்பிகாரே வந்தவாசிக்கு ஓடினான். திரும்பி வர்றப்ப நம்ம தேசூராண்ட சந்தாஜி மடக்கினான். தல்பத் ராவ்னு ஒரு புந்தேலா ராஜபுத்திரன் கூட இருந்ததால உசுரு தப்பிச்சுது. கொண்டாந்த தானியம் ரெண்டு வேளைக்கு வந்துதோ இன்னமோ. மாடும் ஒட்டகமும் செத்துப்போவ, மூட்டை தூக்க நாதியில்லாம, பெரிய பீரங்கிங்களை எதிராளிக்கு உதவாதபடி பண்ணிட்டு, சமாதானம் பேசி வழி வாங்கிக்கினு, 1693 ஜனவரியில வந்தவாசிக்கு வாபஸ். ராய்கட்டைப் பிடிச்ச மகராசன் பட்டினிப் பட்டாளத்தோட தேசூர் பாதையில நடந்து போறான். நீ மண்ணுல வுழுந்தப்ப பாத்தவன் இன்னா, ஒரு ஐந்நூறு பேரு இருக்குமா? இவன் போறதை இந்துஸ்தானமே பாத்துச்சு.

இப்ப கேளு, இங்கதான் விஷயம். மறுநாளு அவன் இன்னா பண்ணான்?

குதிரையேறி சந்தாஜியைத் தேடிப் போவல. வந்தவாசியில ஒக்காந்தான். துண்ணான், பட்டாளத்துக்கும் துண்ணப் போட்டான். மறு வருஷம், 1694ல, செஞ்சிப் பக்கம் வராம தெக்கால தஞ்சாவூருக்குப் போனான். அங்க ஆண்டவன் சாகுஜி, இதே ராஜாராமுக்குப் பங்காளி, உள்ளுக்குள்ள அவனுக்கு ஒதவினவன். அவன்கிட்ட வருஷத்துக்கு 30 லட்சம் கப்பம் கட்டுறேன்னு எழுதி வாங்கினான். வழியில இருந்த சின்னக் கோட்டைங்களைப் பிடிச்சான். செஞ்சிக்குச் சோறு வர்ற வழியைப் போய்ப் பாத்தான்டா. நீ இன்னா பண்ற? கணுக்கால் வீக்கமே வத்தல, போன்ல டைப் அடிச்சு அடிச்சு அழிக்கிற, "மறு ஆட்டத்துக்கு வாடா"ன்னு. அணைச்ச போனை ராத்திரியில திறக்குறது தெரியாதுன்னு நெனைச்சியா? அந்த ஒல்லிப் பையன் எந்தப் பக்கம் நின்னான், எப்போ குனிஞ்சான், உன் கூட ஏறுனவனுங்கள்ள எவனை இன்னும் பிடிச்சான்னு ஒருத்தனை ஒக்கார வெச்சுக் கேட்டியா?

அப்புறமும் உடனே கோட்டை வுழல. பாதுஷா பணம் அனுப்பல, சிப்பாய்க்குச் சம்பள பாக்கி, இவன் ஆற்காட்டுப் பக்கம் சும்மா கெடந்தான். தல்பத் ராவோட கணக்குப்பிள்ளை பீம்சேன்னு ஒருத்தன் கூடவே இருந்து எல்லாத்தையும் எழுதி வெச்சான். சுல்பிகார் நெனைச்சிருந்தா வந்த அன்னிக்கே பிடிச்சிருப்பான், வேணும்னே இழுத்தான்றது அவன் கட்சி. மனூச்சின்னு ஒரு வெனிஸ் நகரத்து ஆளும் அப்படித்தான் பேசுறான். கிழட்டு பாதுஷா எப்போ கண்ணை மூடுவாரோ, அதுவரைக்கும் பட்டாளத்தைக் கையில வெச்சிருப்போம், தெக்குல நமக்குன்னு ஒரு சீமை தேத்துவோம்னு அவனுக்கு நெனைப்பு இருந்துச்சாம். அடி வாங்கினதுல அறிவு வந்துச்சா, கள்ளத்தனம் வந்துச்சான்னா, எனக்கு ரெண்டும் வந்துச்சுன்னுதான் தோணுது. எனக்கும் அப்படித்தான் வந்துச்சு, உன் பாட்டியைக் கேட்டுப் பாரு.

1697 கடைசியில திரும்ப வந்தான். அவன் கூட இருந்த தாவூத் கான் சந்திராயன் துர்க்கத்தை ஏறிப் பிடிச்சான். 1698 பொறந்ததும் செஞ்சி வுழுந்துச்சு. ராஜாராம் அதுக்கு முன்னாலயே வேலூர் வழியா கம்பி நீட்டிட்டான். வழி வுட்டதே சுல்பிகார்தான்னு அப்பவே பேச்சு. பொண்டாட்டி புள்ளைங்க மட்டும் மாட்டினாங்க. பாதுஷா இவனுக்கு நுஸ்ரத் ஜங்னு பட்டம் குடுத்தாரு, கோட்டைக்கு நுஸ்ரத்கட்னு பேரு வெச்சாங்க. அந்தப் பேரை இன்னிக்கு எந்தக் கண்டக்டராவது கூவுறானா? 2025 ஜூலையில யுனெஸ்கோகாரங்க மராட்டியர் கோட்டைங்க 12ஐ உலகப் பட்டியல்ல சேத்தாங்களே, மத்ததெல்லாம் மகாராஷ்டிராவுல, நம்மது ஒண்ணுதான் இங்க. அதுல ராய்கட்டும் இருக்கு, செஞ்சியும் இருக்கு. ரெண்டையும் பிடிச்ச ஆளை நம்ம ஊர்ல பத்து பேருகிட்ட கேளு, சுல்பிகாரா, பிரியாணிக் கடையான்னு கேப்பான்.

நான் அந்த ஆளை மெச்சுறது கோட்டையைப் பிடிச்சதுக்கு இல்ல. 1707ல ஔரங்கசீப் செத்தாரு. ராய்கட்ல பிடிபட்ட சின்னப் புள்ளை சாகு, பதினெட்டு வருஷமா பாளையத்துலயே வளந்து ஆளாயிட்டான். அவனை வுட்டுடுங்கன்னு அடுத்த பட்டத்துக்கு நின்ன ஆசம் ஷாகிட்ட யோசனை சொன்னது யாரு? இதே சுல்பிகார். பிடிச்சவனே தொறந்து வுடச் சொல்றான். அதுலயும் கணக்கு இருந்துச்சு, சாகு ஊருக்குப் போனா மராட்டியர் ரெண்டு கட்சியா பிரிவாங்கன்னு. இருக்கட்டுமே. ராய்கட்ல இருந்த பழைய சுல்பிகாருக்கு இந்தக் கணக்கு வந்திருக்குமா?

அதே வருஷம் ஜாஜௌ போர்க்களத்துல, இன்னிக்குச் சண்டை வேணாம்னு ஆசம் ஷாகிட்ட சொல்லிப் பாத்தான். அவன் கேக்கல. தோக்கிறது தெரிஞ்சதும் இவன் களத்தை வுட்டு வெளிய வந்துட்டான். தேசூர்ல உசுரைக் காப்பாத்தின தல்பத் ராவ் அந்தக் களத்துல செத்தான். இந்த எடம் எனக்குப் பிடிக்கல பேராண்டி. பாலத்தைத் தாண்டக் கத்துக்கினவன், கூட வந்தவனையும் தாண்டிட்டான். உனக்குச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. தோத்த அன்னிக்கு உன்னைத் தோள்ல தூக்கிக்கினு வந்தானே உன் கூட்டாளி, அவன் வூட்டுக்குப் போனியா இல்லையா?

1712ல அவனே வசீரு ஆனான். இந்துக்கள் மேல இருந்த ஜிசியா வரி எடுபட்டது அவனும் அப்பனும் ஆட்டி வெச்ச காலத்துலதான். மறு வருஷம் பாதுஷா மாறி பரூக்சியர் வந்தாரு. சரணடைஞ்சுடுடான்னு அப்பன் சொன்னான், இவன் போனான், பரூக்சியர் ஆளுங்க கழுத்தை நெரிச்சுட்டாங்க. தில்லித் தெருவுல யானைக்குப் பின்னால தலைகீழா கட்டி ஊர்வலம் வுட்டாங்க. அப்போ புத்தி வந்து இன்னா பிரயோஜனம்னு மொறைக்கிற. அது கழுத்துக்குப் போடுற தாயத்துன்னு நான் எப்போ சொன்னேன்? செஞ்சிக்கப்புறம் பதினஞ்சு வருஷம் பொழைச்சான், சாகுவை வுடச் சொன்னான், ஒரு வரியை எடுத்தாங்க. தேசிங்குக்கு அந்தப் பதினஞ்சு வருஷம் கெடைச்சிருந்தா இன்னா ஆயிருப்பானோ.

சரி, மல்லாட்டை போதும், கையைத் தட்டு. தூக்கிப் போட்ட பத்திரிகையை எடுத்துக் கொடு. உன் கணுக்காலைப் பிடிச்ச அந்த ஒல்லிப் பையனோட அக்கா கல்யாணம், மேல்மலையனூர்ல, தைக்குள்ள வந்துடும். உன் பேரு போட்டுத்தான் எழுதியிருக்கான், என் பேரு கூட இல்ல. போவணும். இஸ்திரி போட்ட சட்டை, ஆனா அந்தக் கறுப்புக் கண்ணாடி வேணாம். மொய் ஐந்நூத்தியொண்ணு எழுது. நூத்தியொண்ணு எழுதினா வயித்தெரிச்சல்னு சொல்வானுங்க, ஆயிரத்தியொண்ணு எழுதினா பயந்துட்டான்னு சொல்வானுங்க. பந்தியில அவன் பக்கத்துல எடம் காலியா இருந்தா ஒக்காரு. பாயசம் வர்ற நேரமாப் பாத்து, கணுக்கால் பிடிக்கு எப்போ குனியணும்னு பேச்சுவாக்குல கேளு. கல்யாண வூடு, மறைக்கமாட்டான். பேனரைக் கேக்காத, காய் காயட்டும்.