நாயோடு போன ஞாயிறு

காரைக் கழுவக் கொடுத்து வாங்கியாகிவிட்டது. சாம்பிராணி போட்டாகிவிட்டது. பின் சீட்டில் எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்து, ராத்திரி முழுக்கக் கண்ணாடியை இறக்கியும் விட்டாகிவிட்டது. வாடை போவேனா என்கிறது. கார் கழுவுகிற பையன் மரியாதையாகத்தான் கேட்டான்: “சார், ராமேஸ்வரத்துல இருந்து கருவாடு லோடு அடிக்கிறீங்களா?”

இல்லையப்பா, நாய்க்குக் கடல் காட்டப் போனேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கருவாடு அதைவிடக் கௌரவமான தொழில். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கிலோ என்ன விலை என்று கேட்டான்.

நாய் வைத்திருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டுகிற நேரம் பார்த்து, “பாவம், அவனும் எத்தனை நாளைக்குத்தான் மொட்டை மாடியையே சுத்துவான்?” என்று வீட்டில் ஒரு குரல் எழும். இத்தனை வருஷமாக ஒரே ஆபீசை நான் சுற்றுகிறேன், அதற்கு ஒரு ‘பாவம்’ கிடைத்ததில்லை. நடக்கக் கூட்டிப்போகலாம் என்றால், ராமநாதபுரத்தில் தெருமுனை தாண்டினால் சீமைக்கருவேலம். பாதி நேரம் நடை, மீதி நேரம் பாதத்தில் முள் எடுப்பது. ஆகவே கடல்.

நாயோடு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் சீசரைப் பற்றி ஒரு வார்த்தை.

சீசர் லாப்ரடார். மச்சினன் கொண்டுவந்து விட்டுப்போனது. இந்தச் சீமைக்கென்றே மந்தை நாய் என்று ஓர் இனம் உண்டு. பக்கத்து ராஜபாளையத்து நாய் 2005இல் தபால்தலையிலேயே ஏறிவிட்டது. அதெல்லாம் மச்சினன் கண்ணில் படவில்லை. சீசரின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பனிக்கடலில் குதித்து மீனவர்களுக்கு வலை இழுக்க ஒத்தாசை செய்தவர்களாம். அந்தக் குளிருக்காக உடம்பில் இரட்டை அடுக்கு ரோமம். அந்த ரோமத்தோடு அது எங்கள் ஊர்ச் சித்திரையில் ஃபேனுக்கு நேர் கீழே படுத்திருக்கும். நான் ஓரமாகப் படுத்திருப்பேன்.

ரயிலில் போகலாமே என்பீர்கள். நாய் நம்மோடு வரவேண்டுமென்றால் முதல் வகுப்பில் ஒரு கூபேயை முழுசாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு வேனில் இருக்கும் நாய்ப்பெட்டி. அறுபது கிலோமீட்டர்கூட இல்லாத ராமேஸ்வரத்துக்குச் சீசர் முதல் வகுப்பில் போவதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது. கார்தான் என்றேன். மச்சினன் மகன் கேமராவோடு முன் சீட்டில் ஏறினான்.

நாயோடு நீண்ட பயணம் போனவர்களில் தருமரை மிஞ்ச ஆளில்லை. இமயம் வரைக்கும் கூடவே நடந்த நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்குள் வரமாட்டேன் என்றார். கடைசியில் அது நாயே அல்ல, தருமதேவதை என்று தெரிந்தது. எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. கடைசிவரை அது நாயாகவே இருந்தது.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 2017இல் தார்ச்சாலை வந்தது. முன்பெல்லாம் மணலில் வேனில் குலுங்கிக்கொண்டு போவோம். இப்போது ஊரே காரில் வந்து இறங்குகிறது. தனுஷ்கோடிக்குச் சற்று முன்பே காரை ஓரங்கட்டினேன். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக ஆள், நடுவே நீளமாகக் கயிறு, தூரத்தில் இன்னும் கண்ணுக்குத் தெரியாத மடி. பரம்பரைத் தொழில் எதிரே நிற்கிறது, ரத்தம் பேசும் என்று எதிர்பார்த்தேன். சீசர் போய்க் கயிற்றின் மேல் உட்கார்ந்தது.

“சார், நாயைப் புடிங்க சார். பாரம் ஏறுதுல்ல!” என்றார் முன்னால் நின்ற பெரியவர்.

பக்கத்திலேயே ஒரு கடற்கரை நாய் இருந்தது. விலா எலும்பு தெரிய, செம்மண் நிறத்தில். மடி கரையேறி, மீன் தரம் பிரித்து, கழிசலை ஒதுக்கும்வரை அசையவில்லை. குரைக்கவில்லை. வேலை தெரிந்த நாய். வாலை ஒடுக்கிக்கொண்டு சீசரைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் என்னையும் பார்த்தது.

அதற்கப்புறம்தான் சீசர் தன் சொந்த வேலையைத் தொடங்கியது: செத்த மீன் தேர்வு. நாய்க்கு அழுகின மீன் எதுவானாலும் ஒன்றுதான் என்று நினைக்கிறவர்கள் நாய் வளர்க்காதவர்கள். பாம்பன் ஏலத்துக்கு வந்த பழைய வியாபாரி போல, அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனது. முதலில் ஒரு காரல். வெயிலில் காய்ந்து தகடாகக் கிடந்தது. ஈரமில்லை, தள்ளுபடி. அடுத்து சூடை, ஒரு கைப்பிடி. காக்கை கொத்திய சரக்கு. முகர்ந்துவிட்டு அவமானப்பட்டதுபோலத் தும்மியது. பிறகு நண்டு ஓடு. உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தும் ஒரு மரியாதைக்கு நின்றது. பிறகு திருக்கையின் இறக்கை ஒன்று. திருக்கை அழுகினால் அமோனியா நெடி கிளம்பும். எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது. சீசர் அதை வலமாக ஒரு சுற்று, இடமாக ஒரு சுற்று சுற்றி, கண்ணை மூடி யோசித்து, திரும்பவும் அந்தக் காரலிடமே ஓடி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தது. திருப்தியில்லை. மேலே நடந்தது. நான் கயிற்றின் மறுமுனையில் கூடவே நடந்தேன்.

நடுவில் ஒரு பேத்தையைக் கவ்வியது. அதில் மட்டும் வேடிக்கையில்லை. பந்துபோல உப்புகிற அந்த மீனின் ஈரலிலும் சினையிலும் உள்ள விஷத்துக்கு மாற்று மருந்தே கிடையாது. வலையில் வந்ததை மீனவர்கள் மணலில் எறிந்துவிடுவார்கள். தாடையைப் பிளந்து, தொண்டைவரை விரலை விட்டு அதை எடுத்தேன். சீசர் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

கடைசியில் கிடைத்தது. அது என்னவென்று என்னால் சொல்ல முடியாது. கரைவலைப் பெரியவரைக் கூப்பிட்டு, இது என்ன மீன் என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். “மீனா அது?” என்று திருப்பிக் கேட்டார். சீசருக்குப் பெயரெல்லாம் தேவைப்படவில்லை. முதலில் ஒரு தோள், அப்புறம் காது, பிறகு கழுத்தின் அந்தப் பக்கம். கடைசியாக முழு முதுகும் அதன் மேல், நான்கு காலும் வானத்தைப் பார்த்து. ஓநாய்களும் இப்படிப் புரளுமாம். தன் வாடையை மறைக்கத்தான் என்கிறார் ஒரு நிபுணர். எங்கே என்ன கிடைக்கிறது என்று கூட்டத்துக்குச் சொல்லத்தான் என்கிறார் இன்னொருவர். இருவருமே காரின் பின் சீட்டைக் கணக்கில் எடுக்கவில்லை.

எங்களைக் கடந்துபோன ஒரு குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு, “நாயை எல்லாம் ஏன் இங்க கூட்டிட்டு வர்றாங்க?” என்றது. சொல்லிவிட்டு பிரியாணிப் பொட்டலத்தைக் கடலில் வீசியது. மணலில் பாட்டில் சில்லு, டயர்த் தடம், டயப்பர். ஆமைகள் கரையேறி முட்டையிடும் கடற்கரை இது. பூநாரைகளுக்காக 2025இல் சரணாலயம் அறிவித்த இடமும் இதுதான். நாயைக் கயிற்றில் பிடித்திருந்தது நான் ஒருவன்தான். மனிதர்களுக்கும் ஒரு கயிறு விற்றால் வாங்கிப்போட்டிருப்பேன்.

வாடையைக் கழுவக் கடலில் இறக்கினேன். தெற்கே ஆண் கடல் முரட்டடி அடித்ததால் வடக்கே பெண் கடல். முழங்கால் ஆழத்தில் நின்று சீசர் வயிறு முட்ட உப்புத்தண்ணீர் குடித்தது. அது வெளியே வந்த இடம், 1988இல் திறந்த அன்னை இந்திரா காந்தி பாலம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். முன்னும் பின்னும் வண்டி, நிறுத்த முடியாது. பக்கத்தில் புது ரயில் பாலம் வெயிலில் பளபளத்தது. அனைவரும் அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.

மச்சினன் மகன் இதையெல்லாம் அரை நிமிஷமாக வெட்டி, புல்லாங்குழல் சேர்த்து, இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறான். நீலக் கடல், மெதுவாக ஓடும் சீசர், காற்றில் காது. ஊர் உலகமெல்லாம் இதயம் போட்டிருக்கிறது. ஓரத்தில், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு கால் மட்டும் கொஞ்ச நேரம் தெரிகிறது. அந்தக் கால் யாருடையது என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறாள்.

“டிரைவர்” என்று பதில் போட்டிருக்கிறான்.