ஆறு வீட்டுக்காரர் ஊரில்

கேள்வி: ஆறு படைவீடு உள்ள முருகனின் திருத்தணியில், வீடில்லாதவர்கள் தெருவில் படுப்பதா? அரசு மானியத்தில் நகராட்சி ஒரு காப்பகம் கட்டக் கூடாதா?

பதில்: கட்டலாம், கணக்குதான் இடிக்கிறது. 1 லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்கக் காப்பகம் என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்திருந்த விதி. 2011 கணக்கெடுப்பில் திருத்தணிக்கு 45 ஆயிரம்கூட இல்லை. அரைக் காப்பகமா கட்டுவது? ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் காவடி ஏறும். அந்தத் தலைகள் கணக்கில் சேராது. துணிமூட்டையைத் தலைக்கு வைத்து, கோணியைப் போர்த்திக் கிடப்பவரை எண்ண அதிகாரி நள்ளிரவில் வரவேண்டும். விடிந்து வந்தால் படுத்திருந்தவரும் பக்தராகிவிடுவார்! கோயில் ஊர்களுக்கு விதியைத் தளர்த்தச் சொல்லி, முதலில் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுங்கள்.